துப்பாக்கி கேட்டுக் கைதட்டியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை இங்கே மறுபடியும் விவரிக்கப்போவதில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்கள் அந்தத் துண்டுக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அதில் நான் எழுந்து நிற்பதும், யாரோ "சாரே, இரியும்" என்று கத்துவதும், நான் உட்காருவதும் மட்டுமே இருக்கின்றன. நான் என்ன சொன்னேன் என்பது வெட்டப்பட்டிருக்கிறது. 'பன்றிக்கு வக்காலத்து வாங்கும் வாத்தியார்' என்று அதற்குத் தலைப்பு வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் விளையிலும், அதாவது தோட்டத்திலும், மரச்சீனிக் கிழங்கு மூட்டோடு பிடுங்கப்பட்டுத்தான் கிடக்கிறது என்று தெரிந்திருந்தால் அவர் இன்னும் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

காட்டுப்பன்றித் தொல்லைக்கு என்ன செய்யலாம் என்று பேசுவதற்காகக் கூடிய கூட்டம் அது. இழப்பீட்டு விண்ணப்பம், வேலி, தகவல் கொடுத்தபின் வனத்துறையினர் வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரம் என்று தொடக்கத்தில் பயனுள்ள பேச்சாகவே இருந்தது. டெக்சாஸிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் தம்பி மைக்கைக் கையில் வாங்கிய பிறகுதான் பன்றி போய் அமெரிக்க அரசியலமைப்பு வந்து சேர்ந்தது. அங்கே 2021 முதல் பெரும்பாலானவர்கள் உரிமம் எதுவும் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடலாம், இங்கே விவசாயி ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தாலும் சிறை, தன் குடிமக்களையே நம்பாத அரசு இது என்று அவர் சொன்னபோது எழுந்த கைதட்டல் அன்று மாலை வேறு எதற்கும் எழவில்லை. அந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான் நான் எழுந்து நின்றேன்.

நான் சொல்ல வந்தது மிக எளிய செய்தி. உரிமம் ஒருவருடைய பெயரில் தரப்படுகிறது. துப்பாக்கி ஒரு வீட்டுக்குள் வந்து சேர்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் எத்தனை கறாராக இருந்தாலும், அவை சோதிப்பது விண்ணப்பித்தவரை மட்டுமே. அவர்மீது வழக்கு உண்டா, உடல்நிலையும் மனநிலையும் சரியாக இருக்கின்றனவா, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றிருக்கிறாரா என்று காவல்துறை அறிக்கையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் குடித்துவிட்டு வரும் தம்பியையோ, தேர்வில் தோற்று அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் மகனையோ, கடன் கொடுத்தவர் வாசலில் நின்று பேசிய பேச்சைத் தாங்க முடியாமல் விழித்துக் கிடக்கும் அதே உரிமதாரரின் நாளைய மனநிலையையோ எந்த மாவட்ட ஆட்சியராலும் விசாரிக்க முடியாது.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அப்பா பெயரில் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி. எனக்குத் தெரிந்து அது ஒரு பன்றியைக்கூடக் கொன்றதில்லை. முன்னறைச் சுவரில் தொங்கியதுதான் அது செய்த வேலை. ரப்பர் பால் வெட்ட வருபவர்களும் கூலிக்கு வருபவர்களும் அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே அப்பாவிடம் கணக்குப் பேசுவார்கள். எல்லைக்கல்லைப் பக்கத்து விளைக்காரர் நகர்த்திவிட்டார் என்று, அப்பா ஊரில் இல்லாத ஓர் இரவில் குடித்துவிட்டு வந்த சித்தப்பா, ஸ்டூலின்மேல் ஏறி அந்தத் துப்பாக்கியைக் கீழே இறக்கினார். குழலை மடக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அம்மாவிடம் தோட்டாவைக் கேட்டார். சிவப்பு உறையும் பித்தளை அடியுமாக இருக்கும் அந்தத் தோட்டாக்களை அம்மா ஒரு பழைய துணியில் முடிந்து நெல் பத்தாயத்தின் அடியில் புதைத்து வைத்திருந்தது அப்பாவுக்கே தெரியாது. "உங்க அண்ணன் எங்க வச்சாவளோ, காலம்பற வந்தா கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா சோறு எடுத்து வைத்தார். சித்தப்பா ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, மடியில் கிடந்த துப்பாக்கியை மறு கையால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அங்கேயே உறங்கிப்போனார். பின்னாளில் சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்து, இரண்டு வீட்டாரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அந்தத் தகராறு தீர்ந்தது. உரிமப் புத்தகத்தில் சித்தப்பாவின் பெயர் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

அப்பா காலமான பிறகு துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். வாரிசு என்ற முறையில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க எனக்கு வழி இருந்தது, விண்ணப்பிக்கவில்லை. 'அப்பன் வைத்திருந்ததைக் காப்பாற்றத் துணிவில்லாதவன்' என்று அந்தக் காணொளியின் கீழ் இப்போது எழுதுகிறார்கள். எழுதட்டும்.

அமெரிக்காவைக் காட்டியவருக்கு அமெரிக்காவிலிருந்தே பதில் சொல்கிறேன். 2012 டிசம்பரில் கனெடிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்ற இளைஞன் கையில் இருந்தவை அவனுடைய தாய் சட்டப்படி வாங்கிய துப்பாக்கிகள். முதலில் அவன் கொன்றது அந்தத் தாயைத்தான். 2021ஆம் ஆண்டில் அந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். திருடனிடமிருந்து காத்துக்கொள்ள வாங்கிய பொருளை எடுத்துத் தன்னையே மாய்த்துக்கொண்டவர்களின் கணக்கு இது. எலிமருந்தும் பூச்சிமருந்தும் குடித்தவர்களை ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, சிலரையாவது திரும்ப அழைத்து வந்திருக்கிறோமே, அந்த ஓட்டத்துக்குத் துப்பாக்கி நேரம் கொடுக்குமா?

'நல்லவர்கள் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவன் அஞ்சுவான்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டி நகரப் பள்ளிக்குள் நுழைந்தவனுக்கு வயது 18. பிறந்தநாள் முடிந்த கையோடு கடையில் சட்டப்படி துப்பாக்கி வாங்கியவன். அங்கே வந்து சேர்ந்த ஆயுதமேந்திய காவலர்கள் 376 பேர். அவனை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். பயிற்சியும் கவச உடையும் பெற்ற 376 நல்லவர்களால் இயலாததை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டார்ச்சோடு விளைக்குள் போகும் நம் அண்ணாச்சி செய்து முடிப்பார் என்று நம்புகிறவர்களுடன் எனக்கு வழக்கில்லை.

ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்லும் அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தைப் பற்றித் தம்பி மிக உருக்கமாகப் பேசினார். அந்தத் திருத்தம் 1791ஆம் ஆண்டினது. அது தனிமனிதன் தன் வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முதன்முறையாகத் தெளிவாகச் சொன்னது 2008ஆம் ஆண்டில், அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். அதே நீதிமன்றம்தான் 2024இல், குடும்ப வன்முறைக்காகத் தடையாணைக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று எட்டுக்கு ஒன்று எனத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு டெக்சாஸிலிருந்தே போனது. துப்பாக்கியை இத்தனை போற்றும் நாட்டின் நீதிபதிகளுக்கும் வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து தெரிந்திருக்கிறது. கைதட்டிய நமக்குத்தான் தெரியவில்லை.

இனிப் பன்றிக்கு வருகிறேன், அதைத்தான் நான் மறந்துவிட்டேன் என்கிறார்களே. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் முடிவெடுத்தது. அது போதாது என்பதே என் கருத்தும். பேச்சிப்பாறையையும் கடையாலுமூட்டையும் ஒட்டிய விளைகளுக்கு மூன்று கிலோமீட்டர்க் கணக்கு என்ன பயனைத் தரும்? 'களியக்காவிளைக்கு அப்பால் சுடுகிறார்களே' என்கிறீர்கள். சுடுகிறார்கள், 2022 முதல் கேரளத்தில் உள்ளாட்சித் தலைவர் ஆணையிட, ஏற்கெனவே உரிமம் பெற்ற, பட்டியலில் உள்ள ஆட்கள் வந்து சுடுகிறார்கள். அந்த முறையை இங்கும் கொண்டுவரச் சொல்லுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. அங்கேயும் வீட்டுக்கு ஒரு துப்பாக்கியை யாரும் கொடுத்துவிடவில்லை.

கொடுத்தால் என்ன ஆகும் என்று நம் ஊரின் அமைப்பை வைத்து எண்ணிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்கிறோம். நமக்கு ஊர் தனி, விளை தனி என்பது கிடையாது. விளைக்குள் வீடு, வீட்டுக்குப் பின்னால் அடுத்தவர் விளை, நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை. பன்றி வருவது விடியுமுன். ரப்பர் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்வதும் அதே நேரத்தில்தான். மழை தூறினால் சருகுச் சத்தத்தில் ஆளையும் விலங்கையும் பிரித்தறிவது பகலிலேயே கடினம். கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயும் மின்வேலியும் யார் யாரைக் கொன்றிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவையும் பன்றிக்காக வைக்கப்பட்டவைதாம்.

'செல்வாக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தானே உரிமம் கிடைக்கிறது' என்ற கோபம் நியாயமானது. அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. எங்கள் வீட்டுக்கு அந்தக் காலத்தில் எளிதாகக் கிடைத்தது. எங்கள் விளையில் கூலி வேலை செய்தவர் கேட்டிருந்தால் விண்ணப்பத் தாள்கூடக் கிடைத்திருக்காது. 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். அந்த இரண்டும் எதற்கு என்று கேட்பதை விட்டுவிட்டு, எங்களுக்கும் இரண்டு தா என்று கேட்பது எந்த வகைச் சமத்துவம்?

களியக்காவிளையை நினைவூட்டியவருக்கு: 2020 ஜனவரி 8 இரவு அங்கே சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அது உரிமமற்ற துப்பாக்கி. கள்ளத் துப்பாக்கி வரும் வழியை அடைத்துவிடுங்கள் என்பதற்கு அது சான்று. வாசலைத் திறந்துவிடுங்கள் என்பதற்கு எப்படிச் சான்றாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

காந்தியையும் இழுத்திருக்கிறார்கள். ஆங்கிலேய ஆட்சியின் கேடுகளிலேயே நாட்டை நிராயுதபாணியாக்கிய சட்டத்தை மிகக் கரியது என்று அவர் எழுதியது உண்மை. அவர் சொன்னது 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை. வெள்ளையருக்கு விலக்கும் இந்தியருக்கு விலங்கும் போட்ட சட்டம் அது. 1931 கராச்சி மாநாட்டுத் தீர்மானத்தில்கூட ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இடம்பெற்றது. பிறகு 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கோரியபோது அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. நாட்டைப் பிரித்த ரத்தம் காயாத காலம் அது. அந்தச் சபையில் இருந்தவர்களையும் கோழைகள் என்பீர்களா?

'அரசு சுட்டால் என்ன செய்வாய்' என்ற கேள்விதான் எனக்குக் கொஞ்சம் வலித்தது, ஏனென்றால் நம்மைச் சுட்டிருக்கிறார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் போலீஸ் சுட்டு விழுந்தவர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள். அவர்கள் திருப்பிச் சுட்டிருந்தால் இரண்டு ஆண்டுகளில், இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நீங்கள் நம்பினால் நம்பிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் எழுதிய பிறகும் நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவ மதக்கலவரம் கடற்கரை ஊர்களுக்குப் பரவியபோது வீடுகளும் படகுகளும் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் போயின. கும்பல்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் கம்பும் கல்லும் அரிவாளும் தீயும். அந்த மாதத்தில் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் எத்தனை ஊர்கள் மிஞ்சியிருக்கும்? அன்றைக்கு மோதிக்கொண்ட இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து ஒன்றாகக் கைதட்டினார்கள். பன்றிக்கு எதிராகத் துப்பாக்கி கேட்பதில் நமக்கிடையே அப்படியோர் ஒற்றுமை. வாங்கிய பிறகு அந்த ஒற்றுமை எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லக்கூடியவர் யாரும் அங்கே இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? அப்பா பழைய சாக்கில் சுற்றிப் பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீதோடு திரும்புவார். உரிமம் கொடுத்த அரசுக்கே தெரியும், உரிமதாரருக்கும் கோபம் வரும் என்று.

'வாத்தியாருக்கு ஓய்வூதியம் வருகிறது, விவசாயியின் வயிறு எரிவது எப்படித் தெரியும்' என்று எழுதியவர் என்னிடம் படித்தவர். அவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: உன் விளையில் பன்றி புகுந்த இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு கூட வந்தது யார் என்று உன் அம்மாவிடம் கேட்டுப் பார், மக்கா.

அடுத்த கூட்டத்துக்கும் வருவேன். மூன்று கிலோமீட்டர் வரம்பைத் திருத்த வேண்டும், இழப்பீட்டை அந்தப் பருவத்துக்குள்ளேயே தர வேண்டும், வனத்துறையில் சுடுவதற்குப் பயிற்சி பெற்றவர்களை வட்டத்துக்கு ஒரு குழுவாக நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன். படிக்க நேரம் கொடுத்தால் படிப்பேன். இல்லையென்றால் படியெடுத்து நாற்காலிகளில் வைத்துவிடுவேன். இந்தப் பதிவின் கீழ் என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். அப்பாவை இழுத்து எழுதும் பின்னூட்டங்களை மட்டும் நீக்கிவிடுவேன்.