ஒன்றரைக் கோடி கொடுத்தவன் குறை சொல்லக் கூடாதா?

நடுரோட்டில் நின்றுபோன ஒரு ஸ்போர்ட்ஸ் காரை டிராக்டர் இழுத்துப் போகும் 38 விநாடி வீடியோ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் டிராக்டருக்குப் பின்னால் போகும் சிவப்புக் காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்தான். ஊரில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும், மீதிப் பேருக்கும் இப்போது தெரியட்டும். வீடியோ எடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நடுரோட்டில் நடந்தது, எடுத்தார், போட்டார். ஆனால் என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் நேற்று அதை எடுத்துப் போட்டு, "காசு இருக்கிறவன் கவலையைப் பாருங்க" என்று எழுதியிருக்கிறார். கீழே நூற்றுக்கு மேல் சிரிப்புப் பொம்மைகள். அதில் என் சொந்தக்காரர்கள் நாலு பேர். அதுதான் தாங்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். காசு வாங்கியவன் பதில் சொல்லணும். ஐயாயிரம் ரூபாய் மிக்ஸி மூன்றாம் மாதம் நின்றுபோனால் கடைக்குப் போய்ச் சத்தம் போடுகிறோம், யாரும் சிரிப்பதில்லை. 1 கோடியே 60 லட்சம் ரூபாய் வண்டி 3,200 கிலோமீட்டரில் நின்றுபோனால் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்கணுமா? விலை கூடக் கூடப் பொறுப்பும் கூடத்தானே வேண்டும்? அந்த விலைக்கு மேல் தமிழ்நாட்டு ஆயுள்கால வரி 20 சதவீதம், அதுவே 32 லட்சம். வாங்க வேண்டியதை எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். வண்டி ஏன் நின்றது என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல ஆள் இல்லை.

அந்த வீடியோவில் இல்லாததைச் சொல்கிறேன். தை மாதக் கடைசி. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பாபநாசம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். சுந்தரப்பெருமாள்கோவில் தாண்டி ரோட்டில் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். நாற்பதுக்கு மேல் போகவில்லை. திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. கியர்பாக்ஸில் கோளாறு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும் என்று எழுத்து வந்தது. நான் ஓரம் கட்டுவதற்குள் அதுவாகவே நின்றுவிட்டது. நியூட்ரலுக்கு வரவில்லை. பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. எட்டுப் பேர் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. பின்னால் டவுன் பஸ், கல்யாண வேன், அதற்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ். நெல்லைக் காயப் போட்டிருந்த அம்மா ஓடி வந்து தன் கையாலேயே நெல்லை ஒதுக்கி ஆம்புலன்ஸுக்கு வழி விட்டார். அந்த நிமிஷம் நான் தலைகுனிந்து நின்றேன். கஸ்டமர் கேருக்கு அடித்தால், நாற்பது நிமிடம் கழித்துத்தான் கையாலேயே பூட்டை எடுத்துவிடும் வழியைச் சொன்னார்கள். அதன் பிறகு, கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பையன் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, டிராக்டரில் கயிறு போட்டு என்னைப் பக்கத்து ரைஸ் மில் களம் வரை இழுத்துப் போனான். நீங்கள் பார்த்தது அந்தக் கடைசி 38 விநாடி.

மறுநாள் ரெக்கவரி வண்டியில் ஏற்றிச் சென்னையில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். முதல் வாரம், "பெட்ரோல் சரியில்லை சார்" என்றார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பெரும்பாலான பங்க்குகளில் கிடைக்கிறது, அதைப் பற்றி எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் நான் போடுவது 95 ஆக்டேன் பெட்ரோல், பில் எல்லாம் வைத்திருக்கிறேன். அப்புறம், பெட்ரோல் கியர்பாக்ஸுக்குள் போவதில்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் 24 வருஷம் எஞ்சின் பிரித்து மாட்டியவனிடம் இதைச் சொல்கிறார்கள். இரண்டாம் வாரம், சாஃப்ட்வேர் என்றார்கள். மூன்றாம் வாரம், ஒரு பார்ட் வெளிநாட்டிலிருந்து வரணும் என்றார்கள். எந்த பார்ட் என்று கேட்டேன். அதை வாடிக்கையாளருக்குச் சொல்லும் வழக்கம் இல்லையாம்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பா ஒரு மிராசுதாரிடம் டிராக்டர் ஓட்டினவர். 1987-ல் கடன் வாங்கி ஒரு பழைய மாஸ்ஸி ஃபெர்குசன் வாங்கினார். குறுவை நடவுக்குச் சேறடிக்கிற நேரத்தில் ஹைட்ராலிக் தூக்காமல் போய்விட்டது. கும்பகோணத்திலிருந்து மெக்கானிக் சைக்கிளில் வந்தார். சாயங்காலம் வரை வயல் வரப்பிலேயே பிரித்துப் போட்டுப் பார்த்தார். முடித்ததும் தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து அப்பா கையில் வைத்து, "இதுதாண்ணே, இதுவழியாத்தான் எண்ணெய் போயிருக்கு, பாத்துக்கங்க" என்றார். அப்பா அந்த வளையத்தைப் பல வருஷம் மாடப்பிறையில் வைத்திருந்தார். ஐந்து ரூபாய்க்குக்கூடப் பெறாத சாமான். ஆனால் காசு கொடுத்தவனுக்கு, தான் எதற்குக் கொடுத்தோம் என்று தெரிந்தது. 1 கோடியே 60 லட்சம் கொடுத்த எனக்கு அந்த மரியாதை இல்லை.

"இந்த ரோட்டுக்கு இந்தக் கார் எதுக்கு?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். சரி, பதில் சொல்கிறேன். என் வண்டியின் அடிப்பக்கம் தரையிலிருந்து 11 சென்டிமீட்டர் உயரம். ரோடு எப்படிப் போடணும் என்று விதி வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் மெல்ல ஏறி மெல்ல இறங்கணும். நம்ம ஊரில் ஒவ்வொரு தெருக்காரரும் தன் வாசலில் போட்டுக்கொள்கிற வேகத்தடை எந்த விதியிலும் வராது, தெரியும். அதற்காகத்தான் முன்பக்கத்தை 4 சென்டிமீட்டர் தூக்கும் வசதிக்குத் தனியாகக் காசு கொடுத்தேன். வண்டி ஒரு நாளும் அடி தட்டவில்லை. நின்றது சமமான ரோட்டில், நாற்பது வேகத்தில். இதில் ரோட்டின் குற்றம் எங்கே இருக்கிறது?

"ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான், கோவக்காரக் குதிரை மாதிரி" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, அது கம்பெனிக்காரர்கள் நமக்குப் பழக்கிவிட்ட பேச்சு. ஹோண்டா 1990-லேயே என்எஸ்எக்ஸ் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தது. தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகலாம் என்று அதற்குப் பேர். எந்த வண்டியிலும் தப்பு வரும், அதை நான் மறுக்கவே இல்லை. வந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன். 2010-ல் ஃபெராரியின் 458 இத்தாலியா வண்டிகள் தீப்பிடித்தன. சக்கர வளைவில் தகடு ஒட்டப் பயன்படுத்திய பசைதான் காரணம் என்று கம்பெனியே சொல்லித் திரும்ப அழைத்தது. 2014-ல் போர்ஷே 911 ஜிடி3 வண்டிகளில் எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடின் ஒரு திருகு தளர்ந்து தீப்பிடித்தது. 785 வண்டிகளையும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தார்கள். பசை என்று சொன்னார்கள், திருகு என்று சொன்னார்கள். எனக்கும் அப்படி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர் ஓடும். 96 அடி உயரம், சுமார் 300 டன். அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் செய்து கொடுத்தது. ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கிறது. அவ்வளவு பெரிய பாரத்தைக் கட்டி ஆள்கிற மண்ணில் பிறந்தவனிடம், வேகமான வண்டி என்றால் சொன்ன பேச்சைக் கேட்காது என்று சொல்லாதீர்கள்.

அழகைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் "ஓட்டத்தைப் பற்றிப் பேசு, முகம் எப்படி இருந்தா என்ன" என்று மாமா ஒருவர் போனில் சொன்னார். ஸ்போர்ட்ஸ் காரை யாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை மாமா. எட்டாவது படிக்கும்போது ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிழித்து வீட்டுச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய படம்தான் என்னை இதுவரை கொண்டுவந்தது. அந்தப் படத்தில் இருந்த வண்டிக்கு ஒரு முகம் இருந்தது. இரண்டு வட்ட விளக்கு, சின்ன வாய், பின்பக்கம் தவளை உட்கார்ந்த மாதிரி ஒரு திரட்சி. என் வண்டி முழுப் படமும் வெளிவரும் முன்பே பதிவு செய்தது. வந்து நின்றபோது முன்பக்கம் பாதி வாயாகவே இருந்தது. பக்கவாட்டில் காற்றுத் துளை மாதிரி நாலு கறுப்புப் பள்ளங்கள். விரலை விட்டுப் பார்த்தேன், நாலுமே அடைப்பு, வெறும் பிளாஸ்டிக். எஞ்சின் சத்தத்தில் பாதி ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. முள் ஓடும் மீட்டர் இல்லை, எல்லாம் திரை. ஏசியைக் கூட்டணும் என்றால் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கணும். சித்திரை வெயிலில் வியர்த்த விரலைத் திரை கேட்பதே இல்லை.

குறை சொன்னால் மாறும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. போர்ஷே 1997-ல் 911-இன் வட்ட விளக்கை மாற்றி, பொரித்த முட்டை வழிந்த மாதிரி ஒரு விளக்கு வைத்தது. வாங்கியவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2004-ல் வந்த அடுத்த வண்டியில் வட்ட விளக்கு திரும்பி வந்தது. ஃபெராரி 2025-ல் காட்டிய அமால்ஃபியில், தொட்டால் வேலை செய்கிற ஸ்டார்ட்டை எடுத்துவிட்டு, அழுத்துகிற நிஜப் பொத்தானை மறுபடி வைத்தது. அங்கே காசு கொடுத்தவன் சொன்னால் காது கொடுக்கிறார்கள். இங்கே சொன்னால் பணத்திமிர்.

தாராசுரத்தைத் தாண்டித்தான் நான் அன்றைக்கு வந்தேன். ஐராவதேசுவரர் கோயில் முன்மண்டபத்தில் கல்லில் தேர்ச் சக்கரம் இருக்கிறது, குதிரை இழுக்கிறது. எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஓர் அடி நகராத தேர், பார்த்தால் ஓடுகிற மாதிரியே இருக்கும். அந்தச் சக்கரத்தைச் செய்தவர் ஆரக்காலை வெறும் கோடாகக் கீறிவிட்டுப் போகவில்லை. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அடைத்துப்போன பிளாஸ்டிக் ஓட்டையைக் காட்டி அழகு என்று சொன்னால் நெஞ்சு ஒப்பவில்லை.

"அந்தக் காசுக்கு நிலம் வாங்கியிருக்கலாமே" என்றும் எழுதியிருக்கிறார்கள். வாங்கியிருக்கிறேன். அப்பா கூலிக்கு உழுத வயலில் இரண்டு ஏக்கர் இன்று எங்களுடையது. தங்கைகள் கல்யாணம் முடிந்தது, பிள்ளைகள் படித்துவிட்டார்கள். யாரிடமும் கடன் இல்லை. இதையெல்லாம் கணக்குக் காட்டித்தான் எனக்குப் பிடித்த ஒன்றை வாங்கணுமா? சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒருவர் இந்த வண்டி வாங்கினால் ரசனை. டிராக்டர் டிரைவர் மகன் பாபநாசத்தில் வாங்கினால் கொழுப்பு. என் பெஞ்சுத் தோழரே, நீங்கள் சிரித்தது வண்டியைப் பார்த்து இல்லை. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வழக்கு போடப் போகிறேன். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகணும், தஞ்சாவூரில் முடியாது. போகிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பழுதான சாமான் எது என்று எழுதிக் கொடுக்கணும், அந்தச் சாமானை என் கையில் கொடுக்கணும்.

இன்னும் ஒன்று. அன்றைக்கு மில் களத்தில் கயிற்றை அவிழ்த்த பிறகு அந்தப் பையனிடம் ஐந்நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. "மாமா, ஒரு தடவ உள்ள உக்காந்து பாக்கவா?" என்றான். காலில் சேறு இருக்கிறது என்று தயங்கி, ரைஸ் மில் குழாயில் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தான். "ஸ்டார்ட் பண்ணுங்க மாமா, சத்தம் மட்டும் கேட்டுட்டுப் போயிடுறேன்" என்றான். பொத்தானை அழுத்தினேன். திரைகூட வரவில்லை. "பரவால்ல மாமா" என்று இறங்கி, டிரெய்லரை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வண்டி வந்ததும் முதலில் அவனைத்தான் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் வரை போய் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்றோடு 47 நாள் ஆகிறது. நேற்று ரோட்டில் பார்த்தபோது, "வந்துடுச்சா மாமா?" என்று கேட்டான்.