சுவர் வழியாக வந்த பாக்

(இடம்: பாளையங்கோட்டையில் நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகளில் ஒன்றின் திண்ணை. காலம்: மே மாதக் கடைசி ஞாயிறு, காலை. சண்முகம் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், கேசட் சேர்ப்பவர். முருகேசன் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரம் போட்டிருப்பவர். ஞாயிறுதோறும் காபி வேளையில் இருவரும் அந்த வாரம் கேட்ட இசைத் தொகுப்பைச் சொல்ல வேண்டும். ஏன் கேட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். ‘பிடித்திருக்கிறது’ என்பது காரணமாக ஏற்கப்படாது. இந்தச் சட்டத்தை இயற்றியவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 34 ஆண்டுகள் கோப்புகளை ‘போதிய காரணம் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பியவர் அவர்.)

சண்முகம்: தொடங்கலாமா? இந்த வாரம் நான் கேட்டது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986 வெளியீடு. காரணம், தியாகராஜரையும் பாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முருகேசன்: தொகுப்புக்குப் பெயர் என்ன என்றீர்கள்?

சண்முகம்: ‘எப்படிப் பெயரிடுவது?’

முருகேசன்: எப்படியாவது இடுங்கள், அண்ணாச்சி. இப்போதைக்கு அட்டையில் என்ன போட்டிருக்கிறது?

சண்முகம்: அதைத்தான் போட்டிருக்கிறது.

முருகேசன்: பெயர் கிடைப்பதற்கு முன்னால் கடைக்கு அனுப்பிவிட்டார்களா! எங்கள் சித்தப்பா பையனுக்கும் ஒன்றரை வயது வரை பெயர் அமையவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவசரமாக ஒன்று வைத்தோம். சரி, பாக் என்றீர்களே, மைசூரா?

சண்முகம்: ஜெர்மனி. அதற்குச் சர்க்கரை, இதற்கு ஆர்கன். இசை மேதை, தம்பி! இந்தத் தொகுப்பே அவருக்கும் தியாகராஜருக்கும் காணிக்கை.

முருகேசன்: இரண்டு பேரும் கூட்டாளிகளா?

சண்முகம்: எங்கே? பாக் 1750ல் போய்விட்டார். தியாகராஜர் பிறந்தது 1767ல்.

முருகேசன்: 17 வருடத்தில் விட்டுவிட்டார்கள். நம் ஜங்ஷன் பஸ் மாதிரி.

சண்முகம்: அதனால்தான் இளையராஜா நடுவில் புகுந்து இருவரையும் உட்கார வைத்திருக்கிறார். ஒரு பகுதிக்கு ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று பெயர். அடுத்ததற்கு ‘பிறகு பேசிக்கொண்டிருந்தோம்’ என்று பெயர்.

முருகேசன்: காபி கொடுத்தாரா?

சண்முகம்: முதலில் உன் கணக்கைச் சொல். இந்த வாரம் நீ என்ன கேட்டாய்?

முருகேசன்: அதேதான்.

சண்முகம்: எதேதான்?

முருகேசன்: பெயர் வைக்காததுதான். என்னிடம் கேசட் ஏது, கருவி ஏது? உங்கள் டேப் ரிக்கார்டர் சுவரை ஒட்டி இருக்கிறது. என் தையல் இயந்திரமும் சுவரை ஒட்டி இருக்கிறது. எட்டு வருடமாக இந்தத் திண்ணையில் நான் சொல்லி வருகிற தொகுப்பெல்லாம் உங்களுடையவைதாம்.

சண்முகம்: அட பாவி! போன வாரம் ‘நத்திங் பட் விண்ட்’ பற்றி அவ்வளவு பேசினாயே?

முருகேசன்: நீங்கள் முதலில் பேசினீர்கள். நான் ‘ஆமாம், ஆமாம்’ என்றேன்.

சண்முகம்: 1988ல் வந்தது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல்! அது எப்படி இருந்தது? உண்மையைச் சொல்.

முருகேசன்: புல்லாங்குழல் இருந்ததா? அந்தப் பெயருக்கு ‘காற்றைத் தவிர ஒன்றுமில்லை’ என்று நீங்கள்தானே பொருள் சொன்னீர்கள்? எனக்கு அந்தக் காற்றும் வரவில்லை, அண்ணாச்சி. ‘தும் தும்’ மட்டும் வந்தது.

சண்முகம்: சுவரின் வேலை அது. மெல்லிய ஒலியை விழுங்கிவிடும். தடித்த ஒலியை விட்டுவிடும். கோயில் கொடைக்குப் பாட்டுப் போட்டால் இரண்டு தெரு தள்ளி ‘தும் தும்’ மட்டும் வருமே, அதுபோல.

முருகேசன்: இந்த வாரத்துத் ‘தும் தும்’ வேறு மாதிரி. முதல் இரண்டு நாள் நீங்கள் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். மாடி ஏறி உங்கள் தொட்டியை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வழியவில்லை. இது மட்டும் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. சரி, ஓடுகிற மோட்டாரோடு நாமும் ஓடுவோம் என்று அதற்கேற்ப மிதிக்க ஆரம்பித்தேன்.

சண்முகம்: எதை?

முருகேசன்: இயந்திரத்தைத்தான். பள்ளி திறக்கப் போகிறது, நாற்பது சீருடைச் சட்டை பாக்கி. அந்தத் தும் தும் இருக்கிறதே, ஓரிடத்தில் நிற்காமல் படி ஏறி இறங்குகிறது. கையும் காலும் தானாகப் போகின்றன. இருபத்தாறு சட்டை முடித்துவிட்டேன்.

சண்முகம்: அதில் ஒரு பகுதி ஃபியூக், தம்பி. ஃபியூகுக்குச் சட்டை தைத்த முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். அது என்னவென்றால், ஒரு குரல் ஒரு மெட்டை எடுக்கும். அது முடிந்ததும் இன்னொரு குரல் அதே மெட்டை வேறு சுருதியில் எடுக்கும். முதல் குரல் சும்மா இருக்காது. வேறொன்றை வாசித்துக்கொண்டே போகும். பிறகு மூன்றாவது நுழையும். யாரும் யாரையும் இடிக்கக் கூடாது.

முருகேசன்: புரிகிறது. காகிதத்தில் ஒரே வெட்டு. துணி மட்டும் வேறு. ஒன்றைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை வெட்டிப் போடுவது.

சண்முகம்: (சற்று நேரம் பேசாமல் இருந்து) முப்பது வருடமாக நான் இதை இப்படி யோசித்ததில்லை.

முருகேசன்: அதனால்தான் ஐந்தாம் வகுப்புப் பையன் சட்டையில் தகராறு வந்தது. ஒரு கை சிறியது, ஒரு கை பெரியது என்று அவன் அம்மா கொண்டுவந்து நின்றார். ‘இரண்டும் ஒரே கைதான் அம்மா, ஒன்று கொஞ்சம் தாமதமாக வருகிறது’ என்று இப்போது சொல்லியிருப்பேன்.

சண்முகம்: பாக்கையும் இப்படித்தான் கேள்வி கேட்டார்கள். ஆர்ன்ஸ்டாட் என்ற ஊரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற வேலை. இருபது வயது. 1705ல், லூபெக்கில் புக்ஸ்டஹூடே என்ற பெரியவர் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்று நான்கு வாரம் விடுப்புக் கேட்டார். நானூறு கிலோமீட்டருக்கு மேல். நடந்தே போனார்.

முருகேசன்: நானூறா?

சண்முகம்: இங்கிருந்து மதுரைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் விருதுநகர் வரை நடந்து பார். போனவர் நான்கு வாரத்தில் வரவில்லை. நான்கு மாதம் கழித்து வந்தார்!

முருகேசன்: நீங்கள் மேலதிகாரியாக இருந்திருந்தால்?

சண்முகம்: (கண்கள் ஒளிர) விளக்கம் கேட்டு அன்று மாலையே குறிப்பாணை போயிருக்கும். அங்கேயும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதோடு, துதிப்பாட்டுக்கு நடுவே விசித்திரமான சுரங்களைச் சேர்த்துச் சபையைக் குழப்புகிறார் என்று இன்னொரு குற்றச்சாட்டு.

முருகேசன்: என் சட்டைதான்.

சண்முகம்: இசையைக் கேட்க அந்த மனிதர் நானூறு கிலோமீட்டர் நடந்தார். நீ எட்டு வருடமாக இந்த ஒன்பது அங்குலச் சுவரைத் தாண்டி வரவில்லை.

முருகேசன்: அது கிடக்கட்டும். அந்த அட்டையைக் கொடுங்கள். (எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்) டோன்ட்... கம்பேர். இது என்ன, அண்ணாச்சி?

சண்முகம்: ஒரு பகுதியின் பெயர்.

முருகேசன்: ‘ஒப்பிடாதே’ என்றுதானே பொருள்? நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேட்கிறேன் என்றீர்கள். அட்டையிலேயே வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. 34 வருடம் கோப்புப் படித்தவர் இதைப் படிக்கவில்லையா?

சண்முகம்: அது... பொதுவாகச் சொன்னது.

முருகேசன்: இன்னொன்று. அட்டை இங்கே இருக்கிறது. கேசட் எங்கே?

சண்முகம்: கருவிக்குள் இருக்கிறது.

முருகேசன்: பதினொரு நாளாகவா? இரவும் பகலும் அதே தும் தும். வேறு ஒன்றும் வரவில்லை. காரணம் சொல்லுங்கள். சட்டம் இருவருக்கும் பொதுதானே?

சண்முகம்: (குரலைத் தாழ்த்தி) மூடி திறக்கவில்லை.

முருகேசன்: ஆகா!

சண்முகம்: பொத்தானை அமுக்கினால் ‘டக்’ என்கிறது, அவ்வளவுதான். உள்ளே போன கேசட் வெளியே வர மறுக்கிறது. ஒரு பக்கம் முடிந்தால் தானே மறுபக்கம் ஓடுகிறது. பழுது பார்க்கக் கொண்டுபோனால் பெல்ட், சக்கரம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுவார்கள். எனக்கு மனம் வரவில்லை.

முருகேசன்: எனக்கு இப்போது எல்லாம் விளங்குகிறது. போன ஞாயிறு மதினி கொடுத்தனுப்பிய இட்லி ஏன் அப்படி இருந்தது என்பதும் சேர்த்து.

சண்முகம்: எப்படி இருந்தது?

முருகேசன்: துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டி தீர்ந்துபோயிருந்தது. நல்ல சமயத்தில் வந்தது.

சண்முகம்: அவளைக் குறை சொல்லாதே. எங்கள் கல்யாணம் முதல் அவளுக்குக் கடிகாரம் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம்தான். 1963ல் இசைத்தட்டாக வந்தது, எங்களிடம் கேசட். ‘கௌசல்யா சுப்ரஜா’வுக்கு அடுப்பை மூட்டுவாள். சுப்ரபாதம் 29 சுலோகம் முடிந்து ஸ்தோத்திரம் தொடங்கும்போது தட்டை உள்ளே வைப்பாள். ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16. மங்களாசாசனம் ஆரம்பித்ததும் இட்லியை இறக்குவாள். ஒரு நாளும் தவறியதில்லை.

முருகேசன்: இப்போது?

சண்முகம்: இப்போது கருவியில் வேறு கேசட்டுக்கு இடமில்லையே. பாக்கை வைத்து இட்லி அவிக்கிறாள். வயலின் இரண்டாவது முறை உச்சிக்குப் போகும்போது இறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். வி.எஸ். நரசிம்மன் வாசித்தது, உச்சிக்குப் போனால் யாரால் எண்ண முடியும்? அவள் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டாள்.

முருகேசன்: தையல் இயந்திர எண்ணெயும் சின்னத் திருப்புளியும் என்னிடம் இருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். எடுக்கட்டுமா?

சண்முகம்: எடுத்துவிடு. பதினொரு நாள் தாங்கினேன், போதும்.

முருகேசன்: (எழுந்தவன் மீண்டும் உட்கார்கிறான்) இல்லை, அண்ணாச்சி. இன்னும் பதினான்கு சட்டை இருக்கிறது.

(உள்ளே இட்லிப் பானை மூடும் சத்தம். டேப் ரிக்கார்டரின் பொத்தான் ‘டக்’ என்கிறது. இசை தொடங்குகிறது. சண்முகம் அவன் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துப் போகிறார். சுவரின் இந்தப் பக்கத்தில் நின்று முருகேசன் அதைக் கேட்பது இதுவே முதல் தடவை. வயலின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. அவன் வாயே திறக்கவில்லை. தையற்காரர் வாய் திறக்காமல் இருப்பது, ஊசியைப் பல்லில் கடித்திருக்கும்போது தவிர, அபூர்வம்.)

முருகேசன்: இதெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது?

சண்முகம்: சொன்னேனே, சுவர் விழுங்கிவிட்டது.

முருகேசன்: என் பக்கம் தும் தும் மட்டும் வந்தபோது இது முழுச் சட்டை என்று நினைத்தேன். வெறும் உள்துணியைத்தான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சண்முகம்: எப்படி இருக்கிறது?

முருகேசன்: பிடித்திருக்கிறது.

சண்முகம்: அது காரணம் இல்லை.

முருகேசன்: மூடி திறக்கவில்லை என்பது மட்டும் காரணமா?

சண்முகம்: (நாற்காலியை அவன் பக்கம் தள்ளி) உட்கார்.

முருகேசன்: அண்ணாச்சி, வயலின் இரண்டாவது முறை மேலே போய்விட்டது. இட்லி?

சண்முகம்: வேகட்டும்.