புளோக்குக்குக் கீழே வளர்ந்த தோட்டங்கள்

சிங்கப்பூரின் சமூகத் தோட்டப் போட்டிகளின் கதையை, தேசியப் பூங்காக் கழகம் 2005இல் 'கம்யூனிட்டி இன் புளூம்' என்ற சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து சொல்லலாம். ஆனால் 1963 ஜூனில் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் மரம் நட்டுத் தொடங்கிவைத்த மரம் நடும் இயக்கத்தையும், 1971 முதல் ஆண்டுதோறும் வந்த மரம் நடும் நாளையும் சேர்த்துப் பார்த்தால்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களிடம் அந்த ஆர்வம் எப்படி வேரூன்றியது என்பது விளங்கும்.

எங்கள் புளோக்கின் பாத்தியில் சீனப் பாட்டியின் கங்கோங் கீரை, மலாய் அண்டை வீட்டாரின் பாண்டான் எனும் வாசனை இலைச்செடி, எங்கள் கறிவேப்பிலை ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. கறிவேப்பிலையைக் கேட்காமல் பறிப்பவர் யார் என்பதுதான் வசிப்போர் குழுவின் ஓயாத வழக்கு. போட்டி நடுவர்கள் வருவதற்கு முதல்நாள் இலைகளைத் துடைப்பதைவிட, தொட்டிகளுக்கு அடியிலுள்ள தட்டுகளில் ஏடிஸ் கொசு முட்டையிடும்படி ஒரு சொட்டு நீரும் தேங்கவில்லை என்று உறுதிசெய்வதற்கே அதிக நேரம் பிடித்தது.

பூக்களின் அழகோடு குடியிருப்பாளர்களின் பங்கேற்பையும் மதிப்பிட்டது 'கம்யூனிட்டி இன் புளூம்' விருதின் சிறப்பு என்பேன். 2016இல் ஹோர்ட்பார்க் தோட்டக்கலைப் பூங்காவில் தொடங்கிய வாடகைப் பாத்திகள் பயனுள்ளவையே. எனினும் தனித்தனிப் பாத்தியில் அந்தக் கறிவேப்பிலை வழக்குக்கு இடமில்லை.