பூச்சி அரித்த இலை என்றால் சாப்பிடலாமா?

வெள்ளவத்தைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. தோட்டத்தில் தானாக முளைத்த செடி களையா கீரையா என்று தெரியவில்லையா, இலையைப் பூச்சி அரித்திருந்தால் நஞ்சில்லை, தாராளமாக வறை செய்யலாம் என்கிறது அது.

இது தவறு. பூச்சியின் உடலும் நம் உடலும் ஒன்றல்ல. எருக்கிலையைத் தின்றே வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் உண்டு. அலரி இலையைக் காம்பு மட்டும் விட்டுத் தின்று தீர்க்கும் பச்சைப் புழுவும் உண்டு. இரண்டு செடியும் மனிதருக்கு நஞ்சு.

எனக்குப் பெரிய பயம் கார்த்திகைப் பூச்செடிதான். அதையும் புழு அரிக்கும். பூக்காத காலத்தில் வேலியோரம் வெறும் களைபோல நிற்கும்; கிழங்கோ வற்றாளை என்று எண்ண வைக்கும். அதில் உள்ள கொல்சிசின் என்ற நஞ்சு உயிரையே எடுக்கும். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். இலை நுனியைப் பாருங்கள், சுருண்டு பற்றுக்கம்பிபோல இருக்கும்.

தெரியாத செடியை பூ, காய், தண்டோடு பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசியத் தாவரச் சேகரிப்பில் காட்டி உறுதி செய்யலாம். கைபேசிச் செயலி சொல்வது ஊகம்தான், அதை நம்பிச் சமைக்க வேண்டாம். யாராவது சாப்பிட்டுவிட்டால் செடியின் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையமும் இருக்கிறது.

அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் சொல்லுங்கள்.