எரிந்தது எந்த நூலகம்?

“1981இல் எரிந்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம். இப்ப எல்லாம் கூகிளில் கிடைக்குது, அங்க படிக்க மேசை மட்டும்தான் மிச்சம்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே பிழை.

மே 31 இரவு எரிக்கப்பட்டது யாழ்ப்பாணப் பொது நூலகம். ஏறத்தாழ 97,000 நூல்களும், மீளக் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அந்த இழப்பை இடம் மாற்றிச் சொல்வது மனதை நோகடிக்கிறது. பல்கலைக்கழகம் இருப்பது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். 1974இல் வளாகமாகத் தொடங்கியது.

இனி, கூகிள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகிள் ஸ்கொலரில் கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் வரும். திறந்தால் பல இடங்களில் பணம் கேட்கும். அந்தக் கதவைத் திறப்பது பல்கலைக்கழக நூலகங்கள் கட்டும் சந்தா. ஆய்வேடுகளைப் பாதுகாப்பதும், இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவதும், மேற்கோள் காட்டும் முறையையும் போலி ஆய்விதழை இனங்காணும் வழியையும் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் இன்று நூலகர் வேலைதான். புத்தகம் எடுத்துக் கொடுத்த காலத்தைவிட இது கடினமான வேலை என்பேன்.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் இலவசமாகப் படிக்கலாம். அவையும் தாமாக வந்து சேரவில்லை. யாரோ தேடியெடுத்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, விபரம் எழுதிச் சேர்த்தவை.