சனியா ஞாயிறா என்ற சண்டையில் நாம் மறந்தவர்கள்

எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே சண்டை. "சனிக்கிழமைதான் உண்மையான ஓய்வுநாள், ஞாயிறு ஆராதனை ரோமப் பேரரசன் நுழைத்தது" என்று ஒருவர் போட்டார். அன்றிலிருந்து வசனத்துக்கு வசனம் பறக்கிறது. இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள். அங்கே சொன்னால் அதுவும் சண்டையில் ஒன்றாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவன். அதனால் முதலில் என் பக்கத்து ஆட்களுக்கே சொல்கிறேன். ஓய்வுநாள் சனியிலிருந்து ஞாயிறுக்கு மாறியது என்று சொல்லும் வசனம் புதிய ஏற்பாட்டில் கிடையாது. இயேசு ஓய்வுநாளில் யூதர்களின் ஜெப ஆலயத்துக்குப் போனார், அவருடைய அப்போஸ்தலரான பவுலும் போனார். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை சனி, ஞாயிறு இரண்டையுமே காலங்காலமாக மதித்து வருகிறது. சனிக்கிழமையை ஆசரிக்கிற ஒருவரைப் பார்த்து "நீர் கிருபையை விட்டு விழுந்துவிட்டீர்" என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

சரி, மறுபக்கம். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிறை விடுமுறையாக்கிச் சட்டம் போட்டது கி.பி. 321இல். அது உண்மை. ஆனால் அதற்கு ஏறக்குறைய 165 ஆண்டுகளுக்கு முன்பே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் எழுதி வைத்திருக்கிறார்: சூரியனின் நாள் என்று சொல்லப்படும் நாளில் எல்லாரும் ஒன்றுகூடுகிறோம், வேதத்தை வாசிக்கிறோம், அப்பத்தைப் பகிர்கிறோம், இல்லாதவர்களுக்காகக் காணிக்கை சேர்க்கிறோம் என்று. (நம் 'ஞாயிறு' என்ற சொல்லுக்கும் சூரியன் என்றுதானே பொருள்!) கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள் என்பதையும் அவரே காரணமாகச் சொல்கிறார். பேரரசன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றோடு லீவைச் சேர்த்தான்.

அந்த லீவு வருவதற்கு முன் முந்நூறு ஆண்டுகள் ஞாயிறு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அது சாதாரண வேலை நாள். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் துரோவா ஊரின் மேல்வீட்டுக் காட்சி வருகிறதே, எனக்கு அது மிகவும் பிடிக்கும். வாரத்தின் முதல்நாள், அதாவது ஞாயிறு. இரவு. அறை முழுக்க விளக்குகள். பவுல் நடுராத்திரி வரை பேசுகிறார். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். பிரசங்கத்தில் தூங்காதீர்கள் என்று சொல்வதற்கே இந்தக் கதையைப் பயன்படுத்துகிறோம். எனக்கோ, அவன் பகலெல்லாம் எங்கோ உழைத்துவிட்டு வந்தவனாக இருப்பான் என்றே தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

ஏறக்குறைய 112இல் ரோம ஆளுநர் பிளினி பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதத்திலும் இதைப் பார்க்கலாம். கிறிஸ்தவர்கள் ஒரு குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள் என்கிறான். மேலும் விவரம் அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் எழுதுகிறான். அவர்கள் சபையின் ஊழியக்காரிகள். ஓய்வுநாள் என்று ஒன்று கிடைக்கவே வழியில்லாத அடிமைகள், ஆராதனை நாளை விடவில்லை.

ஆராதனை நாள் வேறு, ஓய்வுநாள் வேறு என்பதுதான் நான் சொல்ல வருவது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டு, 'எந்தக் கிழமை' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஓய்வு யாருக்கு என்று கேட்பதே இல்லை. தேவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தார், ஆகவே நீயும் ஓய்வுநாளை ஆசரி என்கிற யாத்திராகமம் 20ஐ மனப்பாடமாகச் சொல்கிறோம். அதே கட்டளை உபாகமம் 5இல் மறுபடி வரும்போது காரணம் மாறுகிறது. அங்கே படைப்பைப் பற்றிப் பேச்சில்லை. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. மாட்டையும் கழுதையையும்கூட விடவில்லை. "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்று இயேசு சொன்னபோது, அந்த மனுஷனுக்குள் வேலைக்காரியும் அடக்கம் என்றுதான் நான் நம்புகிறேன். கான்ஸ்டன்டைனின் சட்டம் நகரத்தாருக்கு ஓய்வு கொடுத்து, பருவம் தப்பிவிடும் என்று விவசாயிகளை மட்டும் உழைக்க விட்டதே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

போன ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்த பிறகு மறந்துபோன பைபிளை எடுக்கத் திரும்பிப் போனேன். ஆலயத்தைச் சுத்தம் செய்கிற அக்கா தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடுக்காகத் தூக்கும்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு எந்த நாள்க்கா லீவு?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை எப்படித் தம்பி லீவு எடுக்க முடியும்?" என்றார். மற்ற நாள்களில் இரண்டு வீடுகளில் வேலையாம். பல வருடமாக அவருடைய கையால் சுத்தமான இடத்தில்தான் நான் முழங்கால்படியிட்டிருக்கிறேன். ஒருமுறைகூட இதைக் கேட்டதில்லை.

மிச்ச நாற்காலிகளை இரண்டு பேருமாக அடுக்கினோம். வருகிற கமிட்டிக் கூட்டத்தில், வாரத்தில் ஒரு நாளாவது வேறு வேலைக்குப் போகாமல் அவர் வீட்டில் இருக்கும்படி சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்று கேட்கப் போகிறேன். சனி ஆட்களும் ஞாயிறு ஆட்களும் என்னோடு கையெழுத்துப் போடுங்கள். அது எந்தக் கிழமை என்பதை அந்த அக்காவே சொல்லட்டும்.