12 வயதில் சட்டம் நம்புகிறது, வீடு 18 வரை நம்ப மறுக்கிறது

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று 15 வயசுப் பிள்ளை நேர்ந்துகொண்டால் டர்பனில் எந்த வீட்டிலும் மறுப்பு வராது. விரத நாட்களில் பள்ளிக் கடையான டக்‌ஷாப்பில் இறைச்சி அடைத்த ‘பை’ பலகாரம் வாங்கித் தின்றானா, நண்பன் நீட்டிய, ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றிய பன்னி சோவில் கை வைத்தானா என்று எந்த அம்மாவும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. அது முருகனுக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. அதே பிள்ளை சனிக்கிழமை கேட்வே மாலுக்குப் படம் பார்க்கப் போனால் மட்டும் ஆறு தடவை போன் அடிக்கிறோம்.

நம் தென்னாப்பிரிக்கச் சட்டத்தைப் பாருங்கள். 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, 12 வயது தாண்டி, விஷயம் புரியும் பக்குவமும் உள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். அறுவை சிகிச்சைக்குத்தான் பெற்றவர் துணை வேண்டும். 12 தாண்டியவருக்கு ஆணுறை தர மறுக்கக்கூடாது என்பதும் அதே சட்டம். 15 ஆனால் வேலைக்குப் போகலாம். 16இல் ஐடி கார்டு, தன் பெயரில் வங்கிக் கணக்கு. 17இல் கார் ஓட்டிப் பழக லேர்னர்ஸ் லைசென்ஸ். 18இல் முழு ஆள். சட்டம் இப்படிப் படிப்படியாக இறக்கிக் கொடுக்கும் பொறுப்பை நாம் 18 வரை பூட்டி வைத்து, பள்ளியின் கடைசி வருஷமான மேட்ரிக் முடிந்ததும் ஒரே நாளில் தலையில் கொட்டுகிறோம். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. (சிகிச்சை, ஆணுறை விஷயம் கேட்டு அதிர்ச்சி அடைபவர்கள், பிள்ளை வெளியே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.)

பணத்தில் தொடங்குவதுதான் சுலபம். டக்‌ஷாப் செலவு ஒரு நாளைக்கு 25 ராண்ட் என்றால் பள்ளி நடக்கும் 20 நாளுக்கு 500. ஏர்டைம், டியோடரன்ட், நண்பர் பிறந்தநாள் பரிசு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகை போடுங்கள். முதல் இரண்டு மாசம் வாராவாரம், அடுத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாசத்துக்கு ஒருமுறை. மாசக் கணக்குக்கு மாறியதும் மூன்றாம் வாரத்தில் கை காலியாகும், நிச்சயமாக ஆகும். அப்போது நூறு ராண்ட் நீட்டினால் அதுவரை செய்தது வீண். வீட்டிலிருந்து ரொட்டி கட்டிக்கொண்டு போகட்டும். ஆனால் டாக்ஸி காசை இந்தத் தொகையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அந்தக் காசு தீர்ந்தால் பிள்ளை யார் காரில் வேண்டுமானாலும் ஏறும்.

வெளியே போவதற்கு நான்கே கேள்வி: எங்கே, யாரோடு, எப்படித் திரும்பி வருவாய், எத்தனை மணிக்கு. அதற்கு மேல் விசாரணை வேண்டாம். கூடவே ஒரு ரகசியச் சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆயாவுக்கு மருந்து கொடுத்தாச்சா?’ என்று மெசேஜ் வந்தால் உடனே கார் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வரவேண்டும். குடித்த பையன் ஓட்டப்போகிறான் என்றாலும், யாரோ வேப்போ (மின் சிகரெட்) அதைவிட மோசமானதோ நீட்டினாலும், நண்பர்கள் முன்னால் மானம் போகாமல் வெளியே வர இந்த ஒரு வரி போதும். இதை எங்கே கெடுக்கிறோம் தெரியுமா? திரும்பி வரும் காரில் வாயைத் திறந்துவிடுகிறோம். அன்று இரவு சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். கேள்வி மறுநாள் காலை. இல்லையென்றால் அடுத்த முறை அந்த மெசேஜ் வராது.

போனில் ஒளிந்து உளவு பார்க்கும் ஆப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு இரண்டாவது போன் ஒன்று முளைக்கும். லொகேஷன் பகிர்வதென்றால் வீட்டில் எல்லோரும் பகிருங்கள், அப்பாவும் சேர்த்து.

எல்லா முடிவுக்கும் ஒரே எடை கிடையாது. தலைமுடி, உடை, எந்தப் பாட்டு என்பதெல்லாம் அவர்கள் பாடு. கிரேடு 9 முடிவில், மேலே எந்தப் பாடங்களைப் படிப்பது என்று எடுக்கும் முடிவு அப்படியல்ல. கணிதத்திலிருந்து பின்னால் மேத்ஸ் லிட்டுக்கு (அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் எளிய பாடம்) இறங்கலாம், அங்கிருந்து ஏறி வருவது மிகக் கடினம். மேத்ஸ் லிட் எடுத்தால் பொறியியலும் மருத்துவமும் கையை விட்டுப் போகும். இந்த இடத்தில் பெற்றவர் அழுத்திப் பேசலாம், பேசவும் வேண்டும். ‘டாக்டர் ஆகு’ என்று அல்ல, எந்தக் கதவு மூடுகிறது என்று.

கார் விஷயத்தில் 17ஐ வீணாக்காதீர்கள். லேர்னர்ஸ் 24 மாசம் செல்லும், முழு லைசென்ஸ் 18இல்தான். அதனால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க ஒரு முழு வருஷம் கிடைக்கிறது. முதலில் ஞாயிறு காலை காலியான பார்க்கிங். அப்புறம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி மேட்டுத் தெருக்களில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தி எடுப்பது, ஏனென்றால் டெஸ்ட்டில் கார் பின்னால் உருண்டால் அங்கேயே ஃபெயில். பிறகு மழை, அதன் பின் இரவு. ஹிக்கின்சன் ஹைவே, என்2 போன்ற வேகச் சாலைகள் கடைசியில். பக்கத்தில் இருப்பவர் கத்தினால் பிள்ளை சாலையை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். கத்தாமல் இருக்க முடியாத அப்பாக்கள் மாமாவை அனுப்பலாம்.

பொய் சொல்வார்கள். அப்போது போன், பணம், வெளியே போவது எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் ஒழுங்காக நடக்க அவர்களுக்குக் காரணமே இருக்காது. எதில் பொய்யோ அதில் மட்டும் ஒரு படி இறக்குங்கள், அதுவும் நாள் குறித்து. பத்து மணிக்கு வருகிறேன் என்று பன்னிரண்டுக்கு வந்தால், இரண்டு வாரம் எட்டு மணி. பதினைந்தாம் நாள் அவர்கள் வந்து கெஞ்சும் வரை காத்திருக்காமல், பத்து மணியை நீங்களே திருப்பிக் கொடுங்கள்.